ஓவர்லாக் பிடி!

பாடி, டேபிளின் மேல் கிடந்தது.

கை இரண்டும் தனியாக. கழுத்து தனியாக.

பக்கத்தில் பளபளவென்று ஒரு கத்தரி!

சாரதாமணி அந்தப் பாடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“எக்ஸெல்லுன்னு சொன்னா இது எல்லுக்கே பத்தாது. எவனுங்க இதை வெட்டுனது?”

பயந்துவிடாதீர்கள். அது டீ-ஷர்ட்டின் பாடி. திருப்பூரை ஒட்டிய பொங்கலூர்ப் பக்கம் வந்து “பாடி ரெடியா?” என்று யாராவது கேட்டால் போலீசுக்கு ஓடக் கூடாது. பனியன் கம்பெனியில் நெஞ்சும் வயிறும் சேர்ந்த துண்டுக்குப் பெயர் பாடி. மற்றபடி கை கைதான், கழுத்து கழுத்துதான். இந்த ஊர்க்காரர்கள் காலையில் எழுந்ததும் பாடியைத்தான் விசாரிப்பார்கள். புருசனை அப்புறம்தான் விசாரிப்பார்கள்.

“நான்தான் வெட்டுனேன் அம்மிணி” என்றார் புருசன் ஈஸ்வரமூர்த்தி.

“ஏனுங்க இப்படி?”

“கை நடுங்குது. இன்னைக்குக் கோர்ட்டுல்ல...”

ஆமாம். இன்றைக்குக் கோர்ட். பதினோரு மணி. சாட்சி சொல்லப் போவது சாரதாமணி. நடுங்குவது மட்டும் ஈஸ்வரமூர்த்தி!

விஷயம் இதுதான். நாலு மாதத்துக்கு முன்னால் அவிநாசிபாளையம் ரோட்டில் சாரதாமணி ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள். ரோட்டோரத்தில் ஒரு வேன். வேனுக்குள் ஒரு காங்கேயம் காளையை ஏற்றிக்கொண்டிருந்தான் பாண்டித்துரை என்ற ரவுடி. காளைக்குச் சொந்தக்காரரான விவசாயி தடுத்தார். பாண்டித்துரை இரும்பு ராடை எடுத்தான்... அவர் கால் இரண்டு இடத்தில் உடைந்தது. “ஐயோ, என் காளை, என் காளை” என்று மனுசன் மண்ணில் புரண்டு அழுததை சாரதாமணி இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டாள்.

பாண்டித்துரை மேல் இருபத்தேழு கேஸ். இருபத்தேழிலும் சாட்சி கிடையாது! ஒரு சாட்சி ஊரைவிட்டே போய்விட்டார். ஒருவருக்குத் திடீரென்று ஞாபக மறதி வந்தது. இன்னொருவர் கோர்ட் படியில் ‘தானாகவே’ வழுக்கி விழுந்து ஆறு மாதம் படுத்திருந்தார்.

இருபத்தெட்டாவது கேஸுக்கு, அடிபட்டவரை விட்டால் ஒரே சாட்சி சாரதாமணி. பதினோரு மணிக்கு அவள் கூண்டில் ஏறாவிட்டால் பாண்டித்துரை மீசையை முறுக்கிக்கொண்டு கேஸிலிருந்து வெளியே வந்துவிடுவான்.

உயிரோடு போய்ச் சேர வேண்டுமே!

அதற்காகத்தான் மூன்று வாரமாக அந்தப் பயிற்சி...

2

பயிற்சி நடந்த இடம் பக்கத்து காம்பவுண்டில் இருந்த உமர் பாயின் வேஸ்ட் துணி குடோன்.

வெளிநாட்டுப் பழைய துணிகள் மூட்டை மூட்டையாக அவருக்கு வரும். பிரித்து, கிழித்து, பஞ்சாக்க அனுப்புவார். போன மாதம் ஒரு மூட்டையைப் பிரித்தபோது ஒரு பழைய பட்டாளத்துக் கோட் வந்தது. உள்பாக்கெட்டில் கையடக்கமாக ஒரு புத்தகம். இரண்டாம் உலகப் போர் காலத்தில் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. துப்பாக்கி இல்லாமல், வெறுங்கையால் எதிரியைச் சாய்ப்பது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள்.

“அக்கா! ஆண்டவனாப் பார்த்து உங்களுக்குன்னே அனுப்பியிருக்கான்” என்றார் உமர் பாய்.

இங்கிலீஷைப் படித்துச் சொல்ல அவர் மகள் ரைசா. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அளவுச் சார்ட்டில் இருக்கும் இங்கிலீஷ்தான். அதனால் போர்க்கலையும் அப்படியே வந்தது!

“ஆன்ட்டி, எதிரிக்குப் பின்னாடி நிக்கணும். வலது கையை நெக்ல சுத்திப் போடணும். இடது கையை ஆர்ம்ஹோல், அதான் அக்குள் வழியா உள்ள விட்டு, ரெண்டையும் பின்னாடி ஜாயின் பண்ணணும். பிரியவே கூடாது.”

“ஓவர்லாக் அடிச்ச மாதிரியா கண்ணு?”

“கரெக்ட் ஆன்ட்டி!”

துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற தையல்தான் ஓவர்லாக். அன்றிலிருந்து அதற்குப் பெயர் ஓவர்லாக் பிடி.

“நாலாவது ஸ்டெப், எதிரியை இடுப்புல ஏத்தி ஒரே சுத்து சுத்தணும்.”

வேஸ்ட் பஞ்சை அடைத்து ஒரு பொம்மை செய்து, அதற்கு ‘பாண்டி’ என்று பெயர் வைத்து, தினமும் காலை ஆறு மணிக்கு சாரதாமணி அதைச் சுத்தினாள். பிரமாதமாகச் சுத்தினாள். ஒரே ஒரு குறை...

“அக்கா, அடிக்கிறதுக்கு முன்னாடி பர்மிஷன் கேக்காதீங்க!”

“அதெப்படிங்க பாய், மொகம் தெரியாத மனுசங்களை ஒரு வார்த்தை சொல்லாமத் தொடறது? ‘ஏனுங்க, கொஞ்சம் கழுத்தைக் குடுங்க’ன்னு கேட்டாத்தானுங்க மரியாதை.”

கொங்குநாட்டு வாய். போர்க்களமே வந்தாலும் ‘ங்க’ போகாது!

அடுத்து பூட்ஸ் உதை. எதிரியின் தாடையில் பூட்ஸ் காலால் விடுகிற உதைதான் உள்ளதிலேயே பலமான அடி என்று புத்தகம் அடித்துச் சொன்னது. குடோனில் இருந்ததெல்லாம் ஹவாய் செருப்பு. சாரதாமணி ஒரு தடவை உதைத்துப் பார்த்தாள். பொம்மை அப்படியே நின்றது. செருப்பு மட்டும் பறந்துபோய்த் தகரக் கூரை மேல் விழுந்தது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

“பூட்ஸ் இல்லாம இது ஆகாதக்கா” என்று பாய் அந்தப் பாடத்தைத் தள்ளிவிட்டார்.

ஈஸ்வரமூர்த்திக்குக் கொடுத்த ஆயுதம் தீப்பெட்டி. அதை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குத்தினால் குத்து இரண்டு பங்கு ஆகுமாம். அவர் அன்றிலிருந்து தீப்பெட்டியும் கையுமாகவே தூங்கினார்.

எல்லாம் சரி. ஓவர்லாக் பிடிப் பாடத்தின் கடைசி வரியில்தான் வில்லங்கம். முப்பத்திரண்டாம் பக்கத்தின் அடியில், கொட்டை எழுத்தில்...

‘எச்சரிக்கை! இந்தப் பிடியில் ஒரு வீரன் ஒருபோதும் மறக்கக் கூடாதது என்னவென்றால்—’

அவ்வளவுதான். அடுத்த தாளைக் காணோம்!

கிழிந்த ஓரம் மட்டும் இருந்தது.

“விடறதைப் பத்தி ஏதோ சொல்லியிருப்பான்” என்று தாடியைத் தடவினார் பாய். “ஏடாகூடமா விட்டா எதிரியோட கழுத்தெலும்பு போயிரும்போல. எதுக்கும் மனுசங்க மேல போட்டுப் பார்க்க வேண்டாம்.”

ஈஸ்வரமூர்த்தி அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்று அப்போது யாரும் கேட்கவில்லை.

3

காலை எட்டரை.

போன் அலறியது!

சாரதாமணி எடுத்தாள். பின்னால் பத்து மிஷின் தடதடத்துக்கொண்டிருந்தது.

“சாரதாமணியா?” கரகரத்த குரல். தெற்கத்திப் பேச்சு.

“ஆமாங்க. சத்தமாப் பேசுங்க, மிஷின் ஓடுது.”

“நான் யார்னு தெரியுதா?”

“தெரியலீங்களே.”

“வெட்டுதவன்!”

“அப்பாடா!” சாரதாமணி நெஞ்சில் கையை வைத்தாள். “வாங்க சாமி! எங்க கட்டிங் மாஸ்டர் மச்சினன் கல்யாணம்னு காங்கேயம் போனவரு ரெண்டு நாளா வரலைங்க. வெட்டறதுக்கு ஆளில்லாமத் தவிச்சுட்டு இருக்கறேன்.”

அந்தப் பக்கம் போனைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

“ஏம்மா... நான் சொல்லுதது வெளங்குதா? பீஸ் பீஸா வெட்டிருவேன்!”

“பீஸ் ரேட்டுங்களா? எங்க கம்பெனில ஷிப்ட்டுச் சம்பளம் மட்டும்தானுங்க.”

“கழுத்தை... கழுத்தைத் தனியா...”

“பின்னே? கழுத்து தனியாத்தான் வெட்டணும். ரவுண்டு நெக்கு. கை ரெண்டும் அரைக்கை. பாடி எக்ஸெல்லு. மொத்தம் எண்ணூறு.”

“எண்ணூறா!” குரல் நடுங்கியது.

“நான் பத்தரைக்கெல்லாம் வெளிய கெளம்பணும். ஒம்பதுக்கு வந்துருங்க. அட்ரஸ் சொல்றேன், எழுதிக்கறீங்களா? கத்தி இருக்குதுங்களா, நான் குடுக்கட்டுமா?”

“எங்கிட்ட... இருக்கு.”

“சொந்தக் கத்தியா! தொழில் தெரிஞ்ச ஆளுன்னா இப்படியல்ல இருக்கோணும். வாங்க, வாங்க, டீ போட்டு வெக்கிறேன்.”

போனை வைத்தாள்.

மூன்று வாரமாக மிரட்டல் போன் வரும், வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவள்தான். வந்தபோது அதற்கு அட்ரஸ் கொடுத்து டீயும் போட்டு வைத்தாள்!

4

ஒன்பது மணிக்கு ஒருவன் வந்தான். கறுப்பாக, கட்டையாக, தோளில் ஒரு நீளப் பை.

“குகன்” என்றான். “போன் பண்ணினேன்லா.”

“வாங்க வாங்க. இதுதானுங்க டேபிளு.”

ஒன்பது பத்துக்கு இன்னொருவன் வந்தான். உயரமாக, விறைப்பாக. ஒட்ட வெட்டிய தலைமுடி. புதுக் கைலி, புதுச் சட்டை. கீழே கனத்த பூட்ஸ்!

“பேரு நல்லானுங்க. கட்டிங் வேலை இருக்குதுன்னு சொன்னாங்க.”

ஒரு ஆளைக் கேட்டால் இரண்டு ஆள் வருகிறது. சாரதாமணிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. டேபிளின் இந்த முனையில் ஒருவனையும் அந்த முனையில் ஒருவனையும் நிறுத்தினாள்.

குகன் சுற்றிலும் பார்த்தான். எட்டுப் பெண்கள் தைத்த பீஸைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து மிஷினில் பத்துப் பேர். இத்தனை கண்ணுக்கு நடுவில் எப்படி?

“டீ பெல் எப்பம்மா அடிக்கும்?” என்று கேட்டான்.

“பத்தே காலுக்குங்க. எல்லாரும் எதுத்தாப்ல கடைக்குப் போயிருவாங்க. கம்பெனியே காலியாயிரும்.”

“நல்லது” என்றான் குகன். பையை டேபிளுக்கு அடியில் பத்திரமாக வைத்தான். பிறகு ஈஸ்வரமூர்த்தி பக்கம் திரும்பினான். “அண்ணாச்சி, தீப்பெட்டி இருக்கா? ஒரு பீடி...”

விருந்தாளி கேட்டால் இல்லையென்று சொல்லுகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஈஸ்வரமூர்த்தி கையை விரித்துத் தன் ஒரே ஆயுதத்தை எடுத்துக் கொடுத்தார்.

“வெளிய போய் குடிச்சுட்டு வாங்க தம்பி. பஞ்சு பத்திக்கும்.”

பீடி முடித்து வந்த குகன், துணியடுக்கைப் பார்த்தான். விரல் ஊறியது. அவனும் ஒரு காலத்தில் திருப்பூரில் பன்னிரண்டு வருசம் கட்டிங் மேஜையில் நின்றவன்தான். கெட்ட சகவாசம், கெட்ட வழி. ஆனாலும் நாற்பது மடிப்புத் துணி எதிரில் கிடந்தால் கை சும்மா இருக்குமா? பத்தே கால் வரைக்கும் பொழுது போக வேண்டாமா?

கட்டிங் மிஷினை ஓட்டினான்.

வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. நூல் பிசகவில்லை! சாரதாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்டினால் இப்படியல்லவா வெட்ட வேண்டும்!

அந்த முனையில் நல்லான் ஒரு கழுத்து வெட்டியிருந்தான். எடுத்து விரித்துப் பார்த்தாள். இரண்டு பேர் சேர்ந்து தலையை நுழைக்கலாம்.

“ஏனுங்க, கத்தரியை எந்தக் கைலங்க புடிப்பீங்க?”

“ரெண்டு கைலயும் புடிப்பேனுங்க” என்றான் நல்லான், வேர்த்தபடி.

5

பத்து மணி ஐந்து நிமிடம்.

ஈஸ்வரமூர்த்தியின் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் தரணீதரன்!

“சார், பதட்டப்படாமக் கேளுங்க. பாண்டித்துரை ஆள் அனுப்பிட்டான். வேலைக்கு வர்ற மாதிரி வந்து உங்க சம்சாரத்தை முடிக்கப் போறான்!”

ஈஸ்வரமூர்த்தி டேபிள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“பயப்படாதீங்க. எங்க கான்ஸ்டபிள் ஒருத்தரையும் மஃப்டில, வேலைக்கு வர்ற மாதிரியே அனுப்பியிருக்கோம். அவரு பேரு...”

கட்!

நெட்வொர்க் போய்விட்டது. நெட்வொர்க் எப்போதும் பேரைச் சொல்லும்போதுதான் போகும்.

ஈஸ்வரமூர்த்தி தவழ்ந்து தவழ்ந்து மனைவியிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

சாரதாமணிக்குப் பயம்தான். இல்லையென்று பொய் சொல்வானேன்! நிஜமான, நாக்கு ஒட்டிக்கொள்கிற பயம். ரெண்டு பேரில் ஒருத்தன் தன்னைக் கொல்ல வந்தவன். ஒருத்தன் காப்பாற்ற வந்தவன். யார் எவன்?

ஒரு நிமிடம் ஓடிவிடலாமா என்றிருந்தது. அப்புறம் மண்ணில் புரண்டு அழுத அந்த விவசாயி ஞாபகத்துக்கு வந்தார். பயத்துக்குப் பக்கத்திலேயே கோபமும் வந்து உட்கார்ந்தது.

இரண்டு முனையையும் பார்த்தாள்.

இந்த முனையில் குகன். நானூறு பாடி, அச்சில் வார்த்தது போல. வெட்டி முடித்த அடுக்குக்கு அளவு வாரியாகச் சீட்டு வேறு கட்டியிருந்தான்.

அந்த முனையில் நல்லான். ஒரே கழுத்து. அதுவும் கொள்ளிடத்து மதகு மாதிரி.

அப்புறம் அந்த பூட்ஸ்! கட்டிங் மாஸ்டர் எவனாவது பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவானா? ரவுடிதான் வருவான்!

“ஏனுங்க” என்றாள் புருசன் காதில். “தொழில் சுத்தமாத் தெரிஞ்சவன் கெட்டவனா இருக்க மாட்டான். அந்த நெட்டையன்தான் கொலைகாரன்.”

திருப்பூர்க்காரி போட்ட கணக்கு. வேறு எந்த ஊர்க்காரியும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டாள்!

ட்ர்ர்ர்ரிங்...

பத்தே கால். டீ பெல்!

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு சலசலவென்று வெளியேறினார்கள். கம்பெனி காலி.

குகன் மெதுவாகக் குனிந்து பையைத் தொட்டான்.

அதே விநாடியில் சாரதாமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நல்லானுக்குப் பின்னால் போய் நின்றாள்.

“ஏனுங்க...”

“சொல்லுங்க.”

“கொஞ்சம் கழுத்தைக் குடுங்க!”

“எ... என்னதுங்க?”

சடக்!

வலது கை நெக்கில். இடது கை ஆர்ம்ஹோலில். பின்னால் ஜாயின்ட். பூட்டு விழுந்தது!

“மன்னிச்சுக்குங்க!” என்று வேறு சொல்லிக்கொண்டாள்.

நல்லானுக்குக் கண் பிதுங்கியது. “நா... நான் போ... லீ... போலீ...”

“போலின்னு தெரிஞ்சுதானடா புடிச்சிருக்கறேன்! கழுத்தா வெட்டறே கழுத்து?”

பட்... பட்... பட்...

யாரோ கை தட்டினார்கள்.

சாரதாமணி திரும்பினாள். குகன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். பையிலிருந்து நியூஸ்பேப்பர் சுற்றிய ஒன்றை எடுத்து, பேப்பரை மெதுவாகப் பிரித்தான்.

அரிவாள்!

“அருமையாப் பிடிச்சிய மைனி” என்றான். “ஆனா ஆளு மாறிப்போச்சு. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுதேன், போன்லயே நான் ஒளிவு மறைவு இல்லாமச் சொன்னேன். பீஸ் பீஸா வெட்டுவேன்னு. நீங்கதான் ஷிப்ட்டுக்கு வரச் சொன்னிய.”

சாரதாமணிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. வெட்டுதவன்... கழுத்து... சொந்தக் கத்தி...

“அட கடவுளே! அப்ப இவரு?”

“கான்ஸ்... டபிள்...” என்றது அவள் கக்கம்.

குகன் அரிவாளை ஓங்கிக்கொண்டு வந்தான். நாலு அடி... மூணு அடி...

சாரதாமணியின் இரண்டு கையும் போலீஸ் கழுத்தில். ஈஸ்வரமூர்த்தி உள்ளங்கையைப் பார்த்தார். தீப்பெட்டி எதிரியின் சட்டைப் பையில்! கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருசக் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெண்டாட்டியை அதட்டினார்.

“அம்மிணி! நாலாவது ஸ்டெப்பு!”

சாரதாமணி யோசிக்கவில்லை. மூன்று வாரம் பொம்மையைச் சுற்றிய இடுப்பு தானாகத் திரும்பியது. நல்லானை இடுப்பில் ஏற்றி... ஒரே சுத்து!

பிடி பிரியாமலே ஆறடி கான்ஸ்டபிள் அந்தரத்தில் பறந்தார். கூடவே அவருடைய கால். காலோடு அந்த பூட்ஸ்!

டமால்!

குகனின் தாடையில் இறங்கியது உதை. புத்தகத்தில் போட்டிருந்த அதே இடம்!

அரிவாள் ஒரு பக்கம் பறந்தது. குகன் ஒரு பக்கம் பறந்து, கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் தலைகீழாக விழுந்தான். அப்புறம் அசையவில்லை.

“உமர் பாய் சொன்னது சரிதானுங்க” என்று மூச்சு வாங்கினாள் சாரதாமணி. “பூட்ஸ் இருந்தாத்தான் அடி.”

6

பத்து இருபத்தைந்து.

ஜீப்பில் வந்து குதித்தார் இன்ஸ்பெக்டர் தரணீதரன். சத்தம் கேட்டு உமர் பாயும், அன்றைக்கு லீவு போட்டிருந்த ரைசாவும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

வேஸ்ட் மூட்டையிலிருந்து குகனை உருவி விலங்கு மாட்டினார்கள்.

“வெல்டன் மேடம்! நம்ம நல்லான் எங்கே?”

“இங்கதான் சார் இருக்கேன்” என்றது கக்கம்.

“சரி, அவரை விடுங்க மேடம்.”

“விட முடியாதுங்க” என்றாள் சாரதாமணி. கண்ணில் நீர் முட்டியது. “எச்சரிக்கைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குதுங்க. ஏடாகூடமா விட்டா இவரு கழுத்து போயிரும். புள்ளகுட்டிக்காரர்னு சொல்றாரு. அந்தப் பாவம் எனக்கெதுக்குங்க!”

ஒரு போலீஸ்காரர் அவள் கையைத் தொடப் போனார்.

“தொடாதீங்க!” என்று அலறினார் உமர் பாய். “ஓவர்லாக் அது! கிழிஞ்சுபோன அந்தப் பக்கம் கிடைக்கிற வரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாது!”

மணி பத்தரை. கோர்ட்டுக்கு அரை மணி நேரம்.

“ஜீப்புல ஏறுங்க” என்றார் இன்ஸ்பெக்டர் வேறு வழியில்லாமல். “ரெண்டு பேரும்.”

ஈஸ்வரமூர்த்தி மட்டும் “ஒரு நிமிஷம்” என்று உள்ளே ஓடினார். ஏழாம் நம்பர் மிஷின் பக்கம் குனிந்து எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஜீப்பின் பின்சீட்டில் குகனுக்கு மயக்கம் தெளிந்தது. வீங்கிய தாடையோடு முனகினான்.

“மைனி... அந்த நானூறு பாடி மேல வெயில் படாம மூடி வச்சியளா? கலர் மங்கிரும்.”

7

“சாட்சி சாரதாமணி... சாரதாமணி... சாரதாமணி!”

கோர்ட் கதவு திறந்தது.

குற்றவாளிக் கூண்டில் பாண்டித்துரை சிரித்துக்கொண்டு நின்றான். சாட்சி வராது என்று அவனுக்குத் தெரியும். இருபத்தேழு தடவை வரவில்லையே!

சாட்சி வந்தது. கக்கத்தில் ஆறடி ஆள் ஒருவனை இறுக்கிக்கொண்டு வந்தது! பின்னாலேயே, தான் அனுப்பிய குகன், பூசணிக்காய் போல் வீங்கிய தாடையோடு, விலங்கோடு.

பாண்டித்துரையின் சிரிப்பு உறைந்துபோனது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“யாரம்மா அது?”

“கான்ஸ்டபிளுங்க ஐயா. எனக்குப் பாதுகாப்புக்கு வந்தவருங்க.”

“யாருக்கு யார் பாதுகாப்பு?”

இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நடந்ததையெல்லாம் சொன்னார். நீதிபதி இரண்டு தடவை தண்ணீர் குடித்தார்.

“சரி. காளையைத் திருடி, விவசாயியின் காலை உடைத்தவர் இந்தக் கோர்ட்டில் இருக்கிறாரா? கையைக் காட்டி அடையாளம் சொல்லுங்கள்.”

“கை வேலையா இருக்குதுங்க ஐயா. தாடையால காட்டட்டுங்களா?”

தாடையைத் தூக்கி, நேராகப் பாண்டித்துரையைக் காட்டினாள். “இந்த மனுசன்தானுங்க. என்ர ரெண்டு கண்ணால பார்த்தேன். ராடைத் தூக்குனதையும் பார்த்தேன், அந்தப் பெரியவரு அழுததையும் பார்த்தேன். எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்!”

பாண்டித்துரையின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். சாட்சி அவர் பக்கம் திரும்பினாள். கூடவே நல்லானும் அந்தரத்தில் திரும்பினார். பூட்ஸ் கால் வக்கீலின் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

“கேள்வி எதுவும் இல்லை” என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

பாண்டித்துரையின் ஜாமீன் அங்கேயே ரத்தானது. அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். பெஞ்சில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த அந்த விவசாயி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி சாரதாமணியைக் கும்பிட்டார். அவள் பதிலுக்குக் கும்பிட முடியாமல் நல்லானின் தலையோடு சேர்ந்து குனிந்தாள்.

கோர்ட் வராந்தா. ஜீப்புக்குப் பின்னாலேயே வந்துவிட்ட உமர் பாயும் ரைசாவும் அங்கே காத்திருந்தார்கள்.

நல்லானின் முகம் ஊதா நிறத்துக்கு வந்திருந்தது. “யாராச்சும்... ஏதாச்சும்...”

ஈஸ்வரமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

“அம்மிணி... அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

“என்னால இப்ப யாரையும் அடிக்க முடியாதுங்க. சொல்லுங்க.”

“ஏழாம் நம்பர் மிஷின் ஆடிட்டே இருந்துச்சா... காலுக்கு அடியில வெக்க ஒரு தடிக் காகிதம் வேணுமா இருந்துச்சு. பாய் புத்தகத்தை நம்ம மேசை மேல வெச்சுட்டுப் போயிருந்தாரு...”

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். எட்டாக மடித்து, எண்ணெய்க் கறையோடு...

முப்பத்து மூன்றாம் பக்கம்!

“அடப்பாவி மனுசா!”

“படிம்மா ரைசா, சீக்கிரம்!” என்று துடித்தார் உமர் பாய்.

ரைசா மடிப்பைப் பிரித்தாள். முந்தின பக்கத்து வரியை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே, எண்ணெய்க் கறைக்கு நடுவே எழுத்தைத் தேடினாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நல்லானின் மூச்சை ஏற்கெனவே பிடித்திருந்தார்கள்.

“‘எச்சரிக்கை! இந்தப் பிடியில் ஒரு வீரன் ஒருபோதும் மறக்கக் கூடாதது என்னவென்றால்...’”

“என்னவென்றால்?”

“‘...பிடிப்பதற்கு முன்னால், ஆள் எதிரிதானா என்று நன்றாகப் பார்த்துக்கொள்வது!’”

சாரதாமணி தாளை எட்டிப் பார்த்தாள்.

“அவ்வளவுதானா கண்ணு? விடறதைப் பத்தி?”

“விடறதைப் பத்தி ஒண்ணுமே போடலை ஆன்ட்டி. சும்மா கையை எடுத்தாப் போதும்போல.”

சாரதாமணி சும்மா கையை எடுத்தாள்.

அவ்வளவுதான். ஓவர்லாக் பிரிந்தது!

நல்லான் நிமிர்ந்தார். கழுத்து மட்டும் நிமிரவில்லை. இடது தோளில் தலை சாய்ந்தபடியே, அந்தத் தாளைக் கையில் வாங்கி, சாய்ந்த வாக்கிலேயே ஒரு தடவை படித்தார். பிறகு சாரதாமணியைப் பார்த்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“ஏனுங்க... இதையக் கொண்டுபோய் முப்பத்து மூணாம் பக்கத்துலயாங்க போடறது? அட்டையிலயே போட்டிருந்தா, என் கழுத்து இன்னைக்கு ரவுண்டு நெக்காவே இருந்திருக்குமுங்களே!”